பட்டன் கத்தியும் கருவேல அரிவாளும்: பையில் எது இருந்தால் தப்பு?

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரம் ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப் போறோம். ஆன்லைன்ல "கேம்பிங் டூல்"னு போட்டு விக்கிற பட்டன் கத்தி. பட்டனை அழுத்தினா "டக்"னு அலகு வெளிய வரும். நம்ம கேங்குல யாராவது ஒருத்தர்கிட்ட கண்டிப்பா இருக்கும். வாங்கினது சட்டப்படி சரியா, பையில போட்டுக்கிட்டுச் சுத்தலாமான்னு யாரும் யோசிக்கிறதில்ல. நானும் யோசிச்சதில்ல, ஒரு அக்டோபர் மாசக் கடைசி வாரம் வரைக்கும்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் வக்கீல் இல்ல, கோடு எழுதிப் பிழைக்கிறவன். சட்டப் புத்தகத்தை எடுத்து, ஒரு புரோக்ராமைப் படிக்கிற மாதிரி வரி வரியாப் படிச்சேன். அதுல புரிஞ்சதைத்தான் சொல்றேன். உங்க மேல வழக்குன்னு வந்தா வக்கீலைப் பாருங்க.

அந்த செக்போஸ்ட்

நாங்க நாலு பேர், ரெண்டு பைக், மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு. விடியறதுக்குள்ள கிளம்பியாச்சு. திருப்பாச்சேத்தி, மானாமதுரை தாண்டி, ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச நேரத்துல போலீஸ் செக்கிங். வெளியூர் வண்டின்னு நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னாங்க. என் நண்பன் பையில சார்ஜர், சன்ஸ்கிரீன், ஒரு பட்டன் கத்தி.

"இது எதுக்குப்பா?"

"சும்மா... ஒரு சேஃப்டிக்கு சார்."

"யார்கிட்ட இருந்து சேஃப்டி?"

அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. எங்களை ஓரமா நிக்க வச்சாங்க. அந்த நேரம் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்தார். பின்னாடி சாக்குல சுத்தின அரிவாள், பிடி மட்டும் வெளிய தெரியுது. அவரையும் நிறுத்தினாங்க. "எங்கிட்டு?"ன்னாங்க. "கருவேலம் வெட்டப் போறேன்யா, கரிமூட்டத்துக்கு"ன்னார். எந்த ஊர், யார் தோட்டம்னு கேட்டு, நோட்டுல பேரை எழுதிக்கிட்டு, "நல்லா மூடிக் கட்டிக்கிட்டுப் போங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

எங்களுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவர் அரிவாள் எங்க கத்தியைப் போல நாலு மடங்கு. அவர் போறார், நாங்க நிக்கிறோம். இது என்ன லாஜிக்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

பட்டனில் என்ன இருக்கு?

மடக்குக் கத்தியில மூணு வகை. முதல் வகை, நம்ம கையாலயே நகத்தை வச்சு இழுத்துத் திறக்கிறது. பேனாக் கத்தி மாதிரி. ரெண்டாவது, கட்டைவிரலால கொஞ்சம் தள்ளினா, மிச்சத்தை ஸ்பிரிங் பார்த்துக்கும். மூணாவதுதான் பட்டன் கத்தி. அலகு மடங்கியிருக்கும்போதே ஸ்பிரிங் முறுக்கேறி நிக்கும். ஒரு கொக்கி அதைப் பிடிச்சு வச்சிருக்கும். பட்டன் அந்தக் கொக்கியை விடுவிக்கும், அவ்வளவுதான்.

இந்த மூணாவது வகையைப் பார்த்து மேல்நாடுகள் 1950களில் பயந்தன. இளைஞர் கும்பல்கள், சினிமாவில் கத்திச் சண்டை, பத்திரிகைகளில் பதற்றம். அமெரிக்கா 1958-ல் மாநிலங்களுக்கு இடையே இதை விற்பதைத் தடுத்து ஒரு மத்தியச் சட்டம் போட்டது. பிரிட்டன் 1959-ல் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. 2021-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். லண்டன்ல இருக்கிற உங்க சித்தப்பா பையனுக்கு இதை கிஃப்ட்டா எடுத்துட்டுப் போகாதீங்க.

அந்தச் சட்டங்கள் கத்தியின் மெக்கானிசத்தைப் பார்க்குது. பட்டன் இருக்கா, இல்லையா? இருந்தா தப்பு. நம்ம நாட்டுச் சட்டம் வேற மாதிரி யோசிக்குது.

"ஆயுதம்" என்றால் எது?

இந்தியாவில் இதுக்கான அடிப்படை, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கு. அந்தச் சட்டத்தை முழுக்கத் தேடினாலும் "பட்டன் கத்தி"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆயுதம்னா என்னன்னு மட்டும் ஒரு வரையறை இருக்கு. அதன் சாரம் இது: தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அப்படி மாற்றப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். கூர்முனை ஆயுதங்களும் இதில் அடங்கும். வீட்டு உபயோகத்துக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்கள் இதில் அடங்காது.

இப்ப செக்போஸ்ட்டுக்குத் திரும்ப வாங்க. பெரியவரோட அரிவாள், விறகு வெட்டச் செய்த அரிவாள். ராமேஸ்வரம் துறைமுகத்துல மீன் நறுக்கிற அக்காவோட அரிவாள்மனையும் அப்படித்தான். சாயல்குடிப் பக்கம் பனையேறி இடுப்புல செருகியிருக்கிற பாளை அரிவாளும் அப்படித்தான். எல்லாம் தொழிலுக்குச் செய்த பொருள். சட்டம் தானாகவே வெளிய விட்டுடுது.

என் நண்பன் என்ன சொன்னான்? "சேஃப்டிக்கு." அதாவது தற்காப்புக்கு. வரையறையை மறுபடி பாருங்க, தாக்கவோ *தற்காக்கவோ*. அவன் தன்னைக் காப்பாத்திக்கிறதா நினைச்சுச் சொன்ன ஒரு வார்த்தைதான், அவன் கத்தியைச் சட்டத்தோட வரையறைக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சிருக்கு. "ஆப்பிள் வெட்ட"ன்னு சொல்லியிருந்தா கதையே வேறயா இருந்திருக்கலாம். நமக்குத் தற்காப்பு உரிமை இருக்குதானேன்னு கேப்பீங்க. இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றித்தான். ஆனா அது, தாக்குதல் வரும்போது நீங்க செய்யிற செயலுக்கான பாதுகாப்பு. என்னைக்கோ ஒருநாள் தேவைப்படும்னு பையில கத்தியோட அலையிறதுக்கான லைசென்ஸ் இல்ல.

9 அங்குலமும் 7.62 சென்டிமீட்டரும்

அடுத்த கேள்வி, அளவு. ஆயுத விதிகள் (இப்போ இருப்பது 2016-ஆம் ஆண்டு விதிகள்) ஆயுதங்களைப் பல வகையாப் பிரிக்குது. ஐந்தாவது வகையில்தான் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் வருது. கத்திகளைப் பொறுத்தவரை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் இந்த வகை. இங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு.

நம்ம ஆளுங்க பலபேர் இதைப் படிச்சிட்டு, "9 இஞ்ச்சுக்குக் கம்மி, அப்ப ஓகே"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. அங்கதான் பக் இருக்கு.

துப்பாக்கிக்கு நாடு முழுக்க லைசென்ஸ் வேணும். கத்தி போன்ற ஆயுதங்களுக்கு அப்படி இல்ல. சட்டத்தின் 4-வது பிரிவு, ஒரு பகுதியின் சூழ்நிலையைப் பார்த்து, "இந்த இடத்துல இந்த வகை ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேணும்"னு அரசு அறிவிக்கை போடலாம்னு சொல்லுது. சட்டம் ஒண்ணு, ஆனா அது எங்க எப்படி ஓடும்கிறது லொகேஷனைப் பொறுத்தது.

இதுக்கு நாட்டுலயே பிரபலமான உதாரணம் டெல்லி. 1980-ல் டெல்லி நிர்வாகம் போட்ட அறிவிக்கையில்தான் நம்ம கதாநாயகன் பேரோட வர்றார்: ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி, வேறு எந்த இயந்திர அமைப்பாலும் திறந்து மூடும் கத்தி. அலகு 7.62 சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல் நீளமும், 1.72 சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல் அகலமும் இருந்தா கட்டுப்பாட்டுக்குள் வரும். 7.62 சென்டிமீட்டர்னா சரியா 3 அங்குலம். ஆன்லைன்ல விக்கிற பட்டன் கத்தியில பெரும்பாலானவை இதைத் தாண்டிடும்.

அதுலயும் ஒரு முடிச்சு இருக்கு. விதியில் வர்ற சொற்கள் "தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல்". அப்ப சொந்தத்துக்குப் பையில வச்சிருந்தவனுக்கு இது பொருந்துமான்னு டெல்லியில் நீதிமன்றங்கள் வரை வாதம் போயிருக்கு. வாதத்துல ஜெயிக்கலாம். ஆனா அது கைதாகி, ஜாமீன் எடுத்து, தேதி தேதியா அலைஞ்ச பிறகு வர்ற ஜெயம். மதுரையில பையில போட்ட கத்தியோட ரயிலேறி டெல்லியில இறங்கினா, கத்தி மாறல, ஆள் மாறல, சட்டத்தோட கண்ணு மாறிடுச்சு.

ராமநாதபுரத்தில் தேதியும் முக்கியம்

டெல்லியில இடம் முக்கியம்னா, ராமநாதபுரத்துல காலண்டரும் முக்கியம்.

செப்டம்பர் 11, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30, பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. பக்கத்து சிவகங்கையில் அக்டோபர் 24, மருதுபாண்டியர் நினைவு நாள். இந்த ரெண்டு மாசத்தையொட்டி ஒவ்வொரு வருஷமும் மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு போடுவார். பழைய 144, இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. வெளியூர் வண்டி, வாடகை வண்டி, ஊர்வலம்னு பலதுக்கும் கட்டுப்பாடு. சாலையில தீவிர வாகனச் சோதனை.

"சுற்றுலாப் பயணிக்கு இதுல என்ன?"ன்னு நாங்களும் நினைச்சோம். ஆனா இந்த மண்ணுல அது சும்மா போட்ட உத்தரவு இல்ல. 1957 செப்டம்பர் 11-ல் இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த முதுகுளத்தூர் கலவரத்தில் பலர் உயிரிழந்தார்கள். 2011-ல் அதே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மறுபடி உயிர்கள் போச்சு. அந்த ரோட்டுல நிக்கிற போலீஸ்காரருக்கு எங்க பையில இருந்தது கேம்பிங் டூல் இல்ல. அந்த ரெண்டு மாசம் அமைதியாக் கடக்கணும்கிற கவலையில, அவர் பார்க்கிற இன்னொரு கத்தி.

163 உத்தரவை மீறினா, நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவு. சாதாரணமா 6 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். மனித உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து, கலவரம்னு போனா 1 வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். ஆயுதச் சட்ட வழக்கு அதுக்கு மேல தனி.

இந்தச் சீமைக்கும் ஆயுதத் தடைக்கும் இருக்கிற உறவு இன்னும் பழசு. மறவர் சீமையின் வளரியைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சின்ன மருதுவிடமிருந்து ஈட்டியும் வளரியும் எறியக் கத்துக்கிட்டதா, அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே எழுதி வச்சிருக்கார். 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த சில வாரத்தில், டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தெற்குச் சீமைகளில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டார். 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்தது. 1959 சட்டம் அந்த இன பேதத்தை எடுத்துப் போட்டது. ஆனா யாரைச் சந்தேகப்படுறதுங்கிற அதிகாரம் அரசாங்கத்தோட ஆள்கிட்டதான் இன்னும் இருக்கு.

பிரிவு 20: சந்தேகத்தின் அதிகாரம்

நான் ரெண்டு தடவை படிச்ச பிரிவு இது. ஒருத்தர் ஆயுதத்தோட போற விதமோ சூழ்நிலையோ, அது சட்டவிரோத வேலைக்குத்தான்னு நியாயமான சந்தேகம் தந்தா, லைசென்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும், வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம். யார் பண்ணலாம்? மாஜிஸ்திரேட், போலீஸ் மட்டும் இல்ல. மற்ற அரசு ஊழியர்களும், ரயில், விமானம், கப்பல், வண்டியில வேலை செய்றவர்களும்கூட. அதாவது ராமேஸ்வரம் ரயில்ல டிக்கெட் பரிசோதகருக்கும் சட்டத்துல அந்த அதிகாரம் இருக்கு.

இதுதான் அந்த செக்போஸ்ட் லாஜிக். கத்தியோட நீளம் ஒரு வேரியபிள்தான். எதுக்குச் செய்தது, எந்த இடம், எந்த நாள், யார் கையில, என்ன காரணம் சொல்றாங்க — எல்லாம் சேர்ந்துதான் ரிசல்ட்.

ஒருபக்கம் பார்த்தா இது நியாயம். கண்ணை மூடிக்கிட்டு 3 அங்குலத்துக்கு மேல எல்லாமே தப்புன்னா, பனையேறியும் மீன்காரரும் நாளைக்கே குற்றவாளி. அவங்க பிழைப்புக்கு இடம் விட்டு எழுதின சட்டம் இது. மறுபக்கம், சந்தேகம் யார் மேல சீக்கிரம் வரும்? அன்னைக்கு பெரியவர்கிட்ட ஊர் பேரு, தோட்டக்காரர் பேரு எல்லாம் கேட்டாங்க. அவர் பதற்றமே இல்லாம, வரிசையாச் சொன்னார். பலதடவை சொல்லிப் பழகின பதில் மாதிரி இருந்துச்சு. எங்ககிட்ட கம்பெனி ஐடி கார்டைப் பார்த்ததும் "படிச்ச பசங்க"ன்னு குரல் இறங்குச்சு. அதே பட்டன் கத்தி, ஐடி கார்டு இல்லாத, பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் பையில இருந்திருந்தா? அந்தக் கேள்வியை நான் சும்மா விட முடியல. சூழ்நிலையைப் பார்க்கிற சட்டம், ஆளையும் பார்த்துடும். அதுதான் இதோட பலம், அதுதான் இதோட ஆபத்தும்.

ரீல்ஸ், கேக், ரெஜிஸ்டர்

2018 பிப்ரவரியில் சென்னை பூந்தமல்லி பக்கத்துல ஒரு ரவுடியோட பிறந்தநாள் விழா, அரிவாளால கேக் வெட்டினாங்க. போலீஸ் சுற்றி வளைச்சு 70-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அதுக்கப்புறமும் பட்டாக்கத்தியில கேக் வெட்டி வீடியோ போட்டுக் கைதாகிற செய்தி நின்னபாடில்ல. பின்னாடி பாட்டு ஓடினாலும், போலீஸ் பார்வையில அது நீங்களே எடுத்துக் கொடுத்த சாட்சி.

2021 செப்டம்பரில் தமிழக போலீஸ் ரவுடிகளுக்கு எதிரா பெரிய வேட்டை நடத்தினப்போ, கத்தி, அரிவாள் செய்றவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் அறிவுறுத்தல் போச்சு: வாங்குறவர் பேர், முகவரி, செல் நம்பர், எதுக்கு வாங்குறார்னு பதிவு பண்ணணும்னு. பட்டறையில கேக்கிற கேள்வியை ஆப்புல யாரும் கேக்கிறதில்ல. அதனால "கார்ட்டில் சேர்" பட்டன் இருந்தா சட்டப்படி ஓகேன்னு அர்த்தம் இல்ல.

சரி, என்ன பண்ணலாம்?

ஊர் சுத்தும்போது பழம் வெட்ட, கயிறு அறுக்கக் கத்தி வேணுமா? கையால திறக்கிற சின்னப் பேனாக் கத்தி போதும். அதையும் பாக்கெட்டில் இல்லாம, சமையல் சாமானோட பைக்குள்ள வைங்க. பட்டன் கத்தி வீட்டு ஷெல்ஃபோட நிக்கட்டும். டெல்லிப் பக்கம் எடுத்துட்டே போகாதீங்க. விமானத்துல எந்தக் கத்தியும் கைப்பையில வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி, போற மாவட்டத்துல தடை உத்தரவு இருக்கான்னு ஒருதடவை செய்தியைப் பாருங்க.

நிறுத்தினா ஒளிக்காதீங்க. "இப்படித்தான் சார் திறக்கும்"னு செஞ்சு காட்டாதீங்க. உண்மையான காரணத்தைச் சொல்லுங்க. கைப்பற்றினா, அதுக்கான பட்டியலில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. புதுச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ பதிவு செய்யணும். கைதுன்னா காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் போகணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இதெல்லாம் உங்க உரிமை. அந்த ஊர்ப் பையனோட உரிமையும்தான்.

எங்க கதை எப்படி முடிஞ்சுது? கத்தியை வாங்கி வச்சுக்கிட்டு, பேரு, நம்பர் எழுதிக்கிட்டு, அரைமணி நேரம் அட்வைஸ் பண்ணி அனுப்பிட்டாங்க. பாம்பன் பாலத்துல நின்னப்போ யாரும் செல்ஃபி எடுக்கல. சாயங்காலம் தனுஷ்கோடிக் கடைசியில ஒரு பாட்டிகிட்ட கொய்யா வாங்கினோம். "வெட்டித் தரவா தம்பி?"ன்னு கேட்டு, மடியிலிருந்து துருப்பிடிச்ச ஒரு சின்னக் கத்தியை எடுத்து, நாலாக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தாங்க. என் நண்பன் அந்தக் கத்தியையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அவன் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கின கத்தி, அதுவரைக்கும் ஒரு கொய்யாவைக்கூட வெட்டினதில்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க ஊர் செக்போஸ்ட் அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.